மிளகு என்னை முந்திய வருடம்

என் பூனை மிளகுக்கு 14 வயது முடிந்துவிட்டது. "அப்போ 98 வயசு! செஞ்சுரி அடிக்கப் போறா" என்றான் தம்பி மகன். ஏழால் பெருக்கிவிட்டான். நாயின் ஒரு வருடம் மனிதருக்கு ஏழு என்று சொல்லிச் சொல்லிப் பழகிய ஏழு அது, நாய்க்கே சரிவராது. பெண் பூனை ஒரு வயது முடிவதற்குள் குட்டியே போட்டுவிடும். ஏழு வயதில் யார் பிள்ளை பெறுகிறார்கள்?

மருத்துவர் சொல்லித் தந்த கணக்கு வேறு. முதல் வருடத்துக்கு 15. இரண்டாவது முடிந்தால் 24. அப்புறம் வருடத்துக்கு நாலு நாலாகக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். அப்படிப் பார்த்தால் இவளுக்கு 72. குத்துமதிப்புதான். 2005இல் இறந்த கிரீம் பஃப் என்ற அமெரிக்கப் பூனை 38 வருடம் வாழ்ந்தது. அதற்கு இந்தக் கணக்கைப் போட்டால் 168 வருகிறது!

மிளகின் வயது எனக்கு எப்படித் தெரியும் என்றால், பல்லை வைத்துத்தான். மழையில் நனைந்து வாசலில் கத்திக்கொண்டிருந்தவளைத் தூக்கிப் போனபோது, மருத்துவர் கட்டைவிரலால் உதட்டை ஒதுக்கிக் காட்டினார். முன்பற்கள் அரிசி நொய் மாதிரி, புதிதாக முளைத்தவை. கோரைப்பற்கள் மட்டும் இன்னும் பால்பற்கள். "நாலு மாசம் இருக்கும்" என்றார். வளர்ந்த பூனை என்றால் இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடியாதாம். பல்லில் படிந்த காரை, கண்மணியைச் சுற்றியுள்ள நிறம், முதுகுச் சதை என்று பார்த்து ஊகிக்க வேண்டியதுதான்.

அப்போது எனக்கு 43. நேற்று ராத்திரி தூக்கம் வராமல் கணக்குப் போட்டேன். அவளுக்கு ஒன்பது ஆனபோது இரண்டு பேருக்கும் 52! அந்த வருடம்தான் பீரோ மேல் ஒரே தாவாகத் தாவுவதை நிறுத்தி, நாற்காலி, மேசை, பிறகு பீரோ என்று தவணையில் ஏற ஆரம்பித்தாள். சோம்பேறி ஆகிவிட்டாள் என்று திட்டினேன். மூட்டு வலியாக இருந்திருக்கும். பூனை வலியை வெளியே காட்டாது, தாவுவதைக் குறைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். அதே வருடம் நானும் மாடிப்படியில் கைப்பிடியைப் பிடிக்க ஆரம்பித்திருந்தேன். என்னை யாரும் திட்டவில்லை.

இப்போது தண்ணீர்க் கிண்ணம் சீக்கிரமே காலியாகிறது. சிறுநீரகத்தைப் பார்க்க ரத்தம் எடுத்திருக்கிறார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கூட்டி வரச் சொல்லியிருக்கிறார் மருத்துவர். இவ்வளவு அடிக்கடியா என்று கேட்க வாயெடுத்தேன். அடுத்த தடவை போகும்போது எனக்கு அரை வயது கூடியிருக்கும், அவளுக்கு இரண்டு.