மூன்று முறை வலம் வர அனுமதி கேட்டவள்

பதிப்பகம் ஒன்றில் புனைகதைப் பிரதிகளைச் செம்மையாக்குவது என் வேலை. சில ஆண்டுகளாக எங்களுக்கு வரும் மர்ம நாவல்களில் ஒரு வகை பெருகியிருக்கிறது: வீட்டிலும் அலுவலகத்திலும் யாரும் பொருட்படுத்தாத ஒரு பெண், மெல்ல மெல்ல, படிப்பவர் நெஞ்சு பதறும்படியான ஒரு காரியத்தைச் செய்து முடிக்கிறாள். எனக்கு மிகவும் பிடித்த வகை இது. ஆனால், கதையில் வரும் கணவனுக்கும் முதலாளிக்கும் முன்பாக எழுதுபவரே அவளைக் குறைவாக எடைபோட்டுவிடுவதைப் பிரதிக்குப் பிரதி காண்கிறேன். அவள் திட்டமிட்டாள் என்று எழுதக் கை கூசி, ஆத்திரத்தில் நிதானம் இழந்தாள் என்று எழுதுகிறார். அல்லது சிறு வயதில் அவளுக்கு நேர்ந்த கொடுமை ஒன்றை நடுவில் ஓர் அத்தியாயமாக வைத்து, அவள் செய்ததற்கெல்லாம் அதையே பொறுப்பாக்கிவிடுகிறார்.

இத்தகைய பிரதியைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் குண்டலகேசி நினைவுக்கு வருகிறாள். ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றான அந்நூலில் இன்று நமக்குக் கிடைத்திருப்பவை 19 பாடல்களே; கதையை நீலகேசி என்னும் சமண நூலின் உரை வழியாகவும் பாலி மொழியிலுள்ள பௌத்த உரைகள் வழியாகவும் அறிகிறோம். கொலைக்களத்துக்கு இழுத்துச் செல்லப்படும் கள்வன் ஒருவனைக் கண்டு காதல் கொண்ட பத்திரை (குண்டலகேசியின் இயற்பெயர் இது), தந்தையின் முயற்சியால் அவனை மீட்டு மணக்கிறாள். பிறகொரு நாள் அவன் அவளை மலையுச்சிக்கு அழைத்துச் சென்று, கொல்லப்போவதாகச் சொல்கிறான். சாகுமுன் கணவனை மும்முறை வலம் வந்து வணங்க வேண்டும் என்று அவள் கேட்கிறாள், அவன் ஒப்புக்கொள்கிறான், அவன் பின்புறம் வந்ததும் தள்ளிவிடுகிறாள். மனைவி என்பவள் இப்படித்தான் கேட்பாள் என்று அவன் நம்பியதுதான் அவனை வீழ்த்துகிறது. அவனுடைய முதுகுப்பக்கம் போய் நிற்பதற்கு, பணிவுக்கென்று ஏற்பட்ட சடங்கைத் தவிர அவளுக்கு வேறு வழியே இல்லை என்பதை அந்த ஒரு நொடியில் கணக்கிட்ட அறிவை நினைத்து நான் இன்றும் வியக்கிறேன். (1950இல் வெளிவந்த ‘மந்திரி குமாரி’ திரைப்படம் இந்தக் கட்டத்தை எடுத்தாண்டதால், காப்பியத்தின் பெயர் அறியாதவர்களும் மலையுச்சியை அறிவார்கள்.) அதற்குப் பின் அவள் துறவு பூண்டு, ஊர் ஊராகச் சென்று வாதத்துக்கு அறைகூவலாக நாவல் மரக் கிளையை நட்டுச் சமய வாதம் புரிந்து, இறுதியில் புத்தரின் சீடரான சாரிபுத்தரிடம் தோற்றுப் பௌத்தம் தழுவுகிறாள். வாதக்களத்தில் வென்ற அதே அறிவுதான் மலையுச்சியிலும் வேலை செய்தது. அவளை அப்பாவியாக்கவும் அரக்கியாக்கவும் அந்தக் கதைக்குத் தேவை ஏற்படவில்லை.

ஜப்பானிய எழுத்தாளர் நட்சுவோ கிரினோ 1997இல் வெளியிட்ட ‘அவுட்’ நாவலிலும் இதே துணிவைக் கண்டேன். டோக்கியோவின் புறநகரில், பெட்டிகளில் அடைத்த சாப்பாடு தயாரிக்கும் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் பார்க்கும் நான்கு பெண்களின் கதை அது. அவர்களுள் ஒருத்தி கணவனைக் கழுத்தை நெரித்துக் கொன்றுவிட, உடன் வேலை செய்யும் மசாகோ உடலை அப்புறப்படுத்தும் பொறுப்பை ஏற்கிறாள். குளியலறையில் நடக்கும் அந்தக் கொடூரமான வேலை, தொழிற்சாலையில் இரவுதோறும் பழகிய பொறுமையோடும் ஒழுங்கோடும் நடக்கிறது. காவல்துறையின் சந்தேகமோ சூதாட்ட விடுதி நடத்தும் ஓர் ஆணின் மீது விழுகிறது. மசாகோ முன்பு நிதி நிறுவனம் ஒன்றில் நெடுங்காலம் உழைத்து ஓரங்கட்டப்பட்டவள். அந்த அநீதியைக் கிரினோ விரிவாகவே சொல்கிறார். ஆயினும், அவள் ஏன் இதில் இறங்கினாள் என்ற கேள்விக்கு அதையே விடையாக வைத்து நம் மனத்தை ஆறுதல்படுத்துவதில்லை.

அண்மையில் என்னிடம் வந்த ஒரு பிரதியில் பணியாற்றும்போது இவை எல்லாம் எனக்குத் துணையாக இருந்தன. படுத்த படுக்கையாக இருக்கும் செல்வந்தர் ஒருவரை அவர் வீட்டிலேயே தங்கிப் பார்த்துக்கொள்ளும் பெண்ணின் கதை அது. பிள்ளைகள் அவள் எதிரிலேயே சொத்துத் தகராறு பேசுகிறார்கள். மேசையும் நாற்காலியும் போல அவளும் அந்த அறையில் ஒரு பொருள் என்றே அவர்களுக்கு எண்ணம். மிக நல்ல தொடக்கம். ஆனால் ஏழாம் அத்தியாயம் முழுவதும் அவளது இளமைத் துயரம் வந்துவிட்டது. எழுதியவர் ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், பொறுமையாகக் கேட்கக்கூடியவர். அந்த அத்தியாயத்தை எடுத்துவிடலாம் என்று சொன்னபோது, “மேடம், அது போய்விட்டால் படிப்பவர்கள் அவளை மன்னிக்க மாட்டார்களே” என்றார். “மன்னிக்க வேண்டாம் சார், அவளோடு கடைசிப் பக்கம்வரை போனால் போதும்” என்றேன்.

அதற்குப் பதிலாக அவளுடைய வேலையை விரிவாக எழுதும்படி கேட்டுக்கொண்டேன். எந்த மாத்திரை எந்த நேரத்துக்கு, இரவில் யார் விழித்திருப்பார்கள், பெரியவரின் கை நடுக்கம் எப்போது குறையும், பீரோச் சாவி எந்தத் தலையணைக்குக் கீழே இருக்கும் என்பவை எல்லாம் அவளுக்கு மட்டுமே தெரியும். அந்த வீட்டில் அவள் பெற்றிருக்கும் ஆற்றல் முழுவதும் இந்த அறிவில்தான் இருக்கிறது. இவற்றைத் தொடக்க அத்தியாயங்களில், கவனமான ஒரு பணிப்பெண்ணின் அன்றாடமாக மட்டும் சொல்லிச் சென்றால், வாசகரும் அந்தப் பிள்ளைகளைப் போலவே அவளைக் கவனியாமல் கடந்துபோவார். பின்னர் அவள் செயலில் இறங்கும்போது, தானும் அவளைப் பார்க்கத் தவறியவர்களுள் ஒருவர் என்பது அவருக்கே உறைக்கும். இந்த வகை நாவல் தரும் உண்மையான அச்சம் அதில்தான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன்; இரத்தத்தை எத்தனை பக்கத்துக்கு வருணித்தாலும் அது வராது.

திருத்திய பிரதி வந்திருக்கிறது. ஏழாம் அத்தியாயம் இல்லை. மருந்து அட்டவணை இருக்கிறது. அவள் முன்பைவிடப் பன்மடங்கு வளர்ந்து நிற்கிறாள். முடிவைப் பற்றி மட்டும் எங்களுக்குள் இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை. காவலர்கள் அவளைக் கைதுசெய்தே ஆக வேண்டும் என்கிறார் அவர். கைது இருக்கட்டும், ஆனால் கடைசிப் பக்கத்தில் அவள் அழுது வருந்தும் பத்தி வேண்டாம் என்று கேட்டு எழுதியிருக்கிறேன்.