உழைப்பாளர் சிலையைச் செய்தவர்

"உழைப்பாளர் சிலை ஒண்ணு" என்று கண்டக்டரிடம் டிக்கெட் கேட்காத சென்னைக்காரர்கள் குறைவு. மெரினா கடற்கரையில் நிற்கும் அந்தச் சிலையைச் செய்தவர் யார் என்று போன வாரம் ஆபீசில் பத்துப் பேரிடம் கேட்டேன், ஒருவருக்கும் தெரியவில்லை. அந்த வருத்தத்தில்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அவர் பெயர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. 1899-இல், இன்று வங்கதேசத்தில் இருக்கும் ரங்பூர் பக்கம் பிறந்தவர். வங்காள ஓவியர் அவனீந்திரநாத் தாகூரிடம் ஓவியம் கற்றவர். 1929-இல் சென்னை கலைப்பள்ளியின் பொறுப்புக்கு வந்தார், அதாவது பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இருக்கிற இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரி. வந்தவர் கால் நூற்றாண்டுக்கும் மேல் இங்கேயே இருந்துவிட்டார். 1850-இல் தொடங்கிய அந்தப் பள்ளி அதுவரை பெரும்பாலும் கைத்தொழில் கற்றுக்கொடுத்த இடம். அதை ஓவியர்களும் சிற்பிகளும் உருவாகும் இடமாக மாற்றியதில் இவர் பங்கு பெரிது. ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் இவருடைய மாணவர். பெரியாரின் தலையைச் சிற்பமாக வடித்த எஸ். தனபாலும் அப்படியே.

மனிதர் மல்யுத்தம் பழகியவர், வேட்டைக்குப் போனவர், புல்லாங்குழலும் வாசிப்பாராம். இதில் அந்த மல்யுத்தம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. உழைப்பாளர் சிலையில் நாலு பேர் ஒரு பாறையை நகர்த்தப் பார்க்கிறார்கள், இடுப்பில் ஒரு துணி மட்டும்தான். முதுகுச் சதை எங்கே இறுகும், தொடை எங்கே புடைக்கும், பாதம் தரையை எப்படிக் கவ்வும் என்பதெல்லாம் தன் உடம்பிலேயே உணர்ந்த ஒருவர் செய்த வேலை அது என்று ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் தோன்றுகிறது. மேற்பரப்பையும் வழவழவென்று இழைக்கவில்லை. களிமண்ணில் விரல் அழுத்திய மேடு பள்ளம் வெண்கலத்திலும் அப்படியே தெரியும், வெயில் அதில்தான் பிடித்துக்கொள்கிறது. ராஜாவோ தலைவரோ இல்லாமல், பெயரில்லாத நாலு கூலிக்காரர்களை கடற்கரையில் இவ்வளவு பெரிதாக நிறுத்தினாரே, அதற்காகவே அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம். 1959 குடியரசு தினத்துக்கு முந்தின நாள் திறந்தார்கள். அங்கிருந்து தெற்கே நடந்தால் வரும் காந்தி சிலையும் இவர் செய்ததுதான், அதுவும் அதே வருடம்.

சென்னைக்கு வெளியேயும் பெரிய வேலைகள் உண்டு. 1942 ஆகஸ்டில் பாட்னா தலைமைச் செயலகத்தில் கொடியேற்றப் போய்க் குண்டடிபட்டு இறந்த ஏழு இளைஞர்களுக்கு அங்கே ஒரு நினைவுச் சின்னம், 1956-இல் திறக்கப்பட்டது. 1954-இல் ஓவியம், சிற்பம் போன்ற கலைகளுக்கான தேசிய அமைப்பான லலித் கலா அகாடமி தொடங்கியபோது முதல் தலைவர் இவர்தான். 1958-இல் பத்மபூஷண்.

அப்புறம் டெல்லியில் இருக்கும் தண்டி யாத்திரைச் சிற்பம். காந்தி முன்னால் நடக்க, பின்னால் பத்துப் பேர். 1975-இல் ராய் சௌத்ரி இறந்தபோது அந்த வேலை முடிந்திருக்கவில்லை, பிறகுதான் முடித்து நிறுவினார்கள். நேரில் பார்க்காதவர்களும் அதைத் தொட்டிருக்கிறார்கள்: 2016-இல் செல்லாததாக்கப்பட்ட அந்தப் பழைய 500 ரூபாய் நோட்டின் பின்பக்கம் இருந்தது அதுதான்!

மெரினா போனால் ஒருநாள் விடியற்காலையில் போங்கள். முன்பக்கம் நின்று போட்டோ எடுத்துவிட்டுத் திரும்பாமல் கடல் பக்கம் போய் நில்லுங்கள், வெயில் ஏற ஏற அந்த உடம்புகள் ஒவ்வொன்றாகத் துலங்கி வரும்.