பினாங்கு தைப்பூசப் பயணமும் ரிங்கிட் கணக்கும்

தை பிறந்தால் காரைக்குடிப் பக்கம் பாதி ஊர் பழனிக்கு நடக்கும். எங்கள் வீட்டில் இந்தத் தடவை தைப்பூசத்துக்கு மலேசியாவின் பினாங்கு என்று முடிவானது. ஐயா (தாத்தா) அங்கே பெட்டியடியில், அதாவது கடையின் பணப்பெட்டி முன்னால், உட்கார்ந்து கணக்குப் பார்த்தவர். அங்கே இருக்கும் தண்ணீர்மலை முருகனை ஒருமுறையாவது போய்ப் பார்த்துவிட வேண்டும் என்பது அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) வெகுநாள் ஆசை. டிக்கெட், தங்குமிடம் எல்லாம் தம்பி பார்த்துக்கொண்டான். பணப் பொறுப்பு என்னிடம் வந்தது. கிளம்ப நினைப்பவர்களுக்கு உதவும் என்பதால் அதை மட்டும் எழுதுகிறேன்.

"கார்டெல்லாம் எதுக்குத் தாயி, ரொக்கமா எடுத்துக்குவோம்" என்றார் அப்பச்சி. விதிப்படி அதற்கு இடம் உண்டு. மலேசியா மாதிரி நாடுகளுக்கு ஒருவர் ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் மதிப்பு வரை அந்நிய நோட்டாகக் கொண்டுபோகலாம். இந்திய ரூபாய் என்றால் 25,000 வரைதான். ஆனால் தேர் வரும் கூட்டத்தில் மடி நிறையப் பணத்தோடு வயதானவர்களை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. அதனால் மூன்றாகப் பிரித்தேன்: கொஞ்சம் ரிங்கிட் (மலேசியப் பணம்) நோட்டு, பெரிய செலவுக்கு ஒரு கார்டு, அவசரத்துக்கு இன்னொரு வங்கியின் கார்டு. இரண்டு கார்டும் ஒரே பையில் இருக்கக் கூடாது என்று ஒன்றை ஆத்தாவிடம் (அம்மாவிடம்) கொடுத்துவிட்டேன்.

ரிங்கிட் நோட்டு நம்ம ஊர் வங்கிக் கிளையில் கையிருப்பில் இருக்காது. முன்கூட்டியே சொல்லிவைத்தால் வரவழைத்துத் தருகிறார்கள். பாஸ்போர்ட், பான் கார்டு, டிக்கெட் நகல், ஏ2 படிவம் (அந்நியப் பணம் வாங்க எழுதிக்கொடுக்கும் விண்ணப்பம்), இவ்வளவுதான் கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயரில்தான் வாங்க வேண்டும். 50,000 ரூபாய்க்கு மேல் போனால் ரூபாயை ரொக்கமாகக் கட்ட முடியாது, கணக்கிலிருந்துதான் போக வேண்டும். டிசிஎஸ் (அந்நியப் பணம் வாங்கும்போதே பிடிக்கும் வருமான வரி) பிடிப்பார்களோ என்று உறவில் பலர் பயமுறுத்தினார்கள். 2025 ஏப்ரலிலிருந்து ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய் வரை அந்தப் பிடித்தம் கிடையாது. எங்கள் செலவு அதன் பக்கத்தில்கூட வரவில்லை.

விலை கேட்கும்போது "கமிஷன் இல்லை" என்ற பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளவே வேண்டாம். கமிஷன் விலைக்குள்ளேயே இருக்கும். அன்றைய சந்தை விலையைப் போனில் பார்த்துக்கொண்டு, எல்லாம் சேர்த்து என் கையிலிருந்து எத்தனை ரூபாய் போகும் என்று மட்டும் கேட்டேன். இரண்டு மூன்று இடத்தில் கேட்டதில் வித்தியாசம் நன்றாகவே தெரிந்தது. ஜிஎஸ்டி பெரிய தொகை இல்லை. ஒரு லட்சம் வரை மாற்றும் தொகையில் 1 சதவீதத்தைச் சேவை மதிப்பாக எடுத்து, அதற்கு 18 சதவீதம். அதாவது 60,000 ரூபாய்க்கு 108 ரூபாய்.

ஃபாரெக்ஸ் கார்டு (வெளிநாட்டுப் பணத்தை முன்பே ஏற்றிக்கொள்ளும் கார்டு) வாங்குபவர்கள் அந்தக் கார்டில் ரிங்கிட் உண்டா என்று முதலில் கேளுங்கள். எனக்கு முதலில் காட்டிய கார்டில் இல்லை. டாலரை ஏற்றிக்கொண்டு அங்கே ரிங்கிட்டில் செலவழித்தால் இரண்டு முறை மாற்றம், அதற்கு மேல் தனிக் கட்டணம் வேறு. சாதாரண வங்கிக் கார்டுகளில் பலவற்றில் மூன்று, மூன்றரை சதவீதம் மார்க்அப் (வெளிநாட்டுச் செலவுக்கு வங்கி சேர்க்கும் கூடுதல் கட்டணம்), அதன் மேல் ஜிஎஸ்டி. மார்க்அப் இல்லாத கார்டுகளும் உண்டு. அப்படி ஒன்றைத் தேடித்தான் எடுத்தேன். ரிசர்வ் வங்கி 2020-இல் கொண்டுவந்த விதிப்படி புதுக் கார்டில் வெளிநாட்டுப் பயன்பாடு மூடியே வரும். ஆப்பில் நாமே திறந்து, ஒரு நாளைக்கு இவ்வளவு என்று வரம்பும் போட்டுக்கொள்ளலாம். இதை வீட்டில் இருக்கும்போதே செய்துவிட வேண்டும். வங்கிக் குறுஞ்செய்தி வர வேண்டுமே என்று இந்திய சிம்மையும் போனிலேயே விட்டுவைத்தேன்.

நான் அழுத்திச் சொல்ல நினைப்பது விடுதியில் நடந்ததைத்தான். பணம் கட்டக் கார்டைச் செருகியதும் இயந்திரத் திரையில் இரண்டு தொகை வந்தது. ஒன்று ரிங்கிட், இன்னொன்று ரூபாய். கவுண்டரில் இருந்த பையன் "ரூபாயில் போட்டால் உங்களுக்கு எளிது" என்று சொல்லிக்கொண்டே பொத்தானை அமுக்கப் போனான். நிறுத்தச் சொல்லிவிட்டு அந்த ரூபாய்த் தொகையை ரிங்கிட்டால் வகுத்துப் பார்த்தேன். நாங்கள் ஊரில் நோட்டு வாங்கிய விலையைவிட ரிங்கிட்டுக்கு ஒன்றே கால் ரூபாய் கூடுதல். 400 ரிங்கிட் பில்லுக்கு 500 ரூபாய் சும்மா போகும். "ரிங்கிட்டிலேயே போடுங்கள்" என்றேன், போட்டான். ஏடிஎம்மிலும் இதே கேள்வி, கன்வர்ஷன் (ரூபாயாக மாற்றிக் காட்டுவது) வேண்டுமா என்று வரும். வேண்டாம் என்றுதான் அமுக்க வேண்டும். அதனால் பணம் வராமல் போய்விடாது, வங்கியின் விலைக்கு மாறி வரும், அவ்வளவுதான். நம் ஆட்கள் பலர் ரூபாயில் தெரிகிறதே என்ற நிம்மதியில் அமுக்கிவிடுகிறார்கள். எனக்கு இது உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

விடுதிக்கு முன்பணமாகக் கார்டில் ஒரு தொகையை முடக்கிவைப்பார்கள். அது திரும்பிவர நாள் பிடிக்கும். அதனால் முன்பணத்தை ரொக்கமாகக் கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டோம். வெளிநாட்டவருக்கு அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி தனி. அறை வாடகையோடு அது சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சில்லறை இல்லாமல் பினாங்கில் நடமாட முடியாது. ராப்பிட் பினாங்கு பஸ்ஸில் மீதி தரமாட்டார்கள். அர்ச்சனை, தேங்காய், தட்டில் போடுவது எல்லாம் ஒன்று, ஐந்து, பத்து ரிங்கிட் நோட்டில்தான். தேர் புறப்படும் பினாங்கு ஸ்ட்ரீட் நகரத்தார் கோவில் வீட்டுக்குப் பக்கத்திலேயே, லிட்டில் இந்தியாவில் பணம் மாற்றும் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பல கடைகளில் தமிழிலேயே பேசலாம். கோலாலம்பூர் விமான நிலையத்தில் எழுதிப் போட்டிருந்த விலையைவிட இங்கே நல்ல விலை கிடைத்தது. ஐநூறு ரூபாய் நோட்டையும் வாங்கிக்கொண்டார்கள். கிழிசலோ பேனா எழுத்தோ இல்லாத நோட்டாக இருந்தால் மறுபேச்சில்லாமல் வாங்கினார்கள்.

கணக்கை அப்பச்சி எடுத்துக்கொண்டார். ஒரு சின்ன நோட்டில் இடது பக்கம் வரவு, வலது பக்கம் பற்று, ராத்திரி படுக்கும் முன் இருப்பை எண்ணிச் சரிபார்ப்பார். ஒரு நாள் கணக்கில் இருபது ரிங்கிட் உதைத்தது. ஆத்தா மாலை வாங்கியது நினைவுக்கு வந்த பிறகுதான் தூங்கப் போனார். சித்தப்பா வீட்டோடு சேர்ந்து போனதால் திரும்பியதும் ஆளுக்கு எவ்வளவு என்று பிரிக்க அந்த நோட்டு ஒன்றே போதுமாக இருந்தது.

மீதிப் பணத்தில் நாணயத்தை ஊரில் யாரும் வாங்கமாட்டார்கள். கடைசி நாளில் அதையெல்லாம் உண்டியலில் போட்டாயிற்று. மீந்த நோட்டை ஊர் திரும்பிய 180 நாளைக்குள் வங்கியிலோ பணம் மாற்றும் கடையிலோ திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆனால் 2,000 டாலர் மதிப்பு வரை அடுத்த பயணத்துக்கென்று வைத்துக்கொள்ளவும் விதி இருக்கிறது. விற்கும்போது விலை இறங்கும் என்பதால் நாங்கள் வைத்துக்கொண்டோம். திருச்சியில் இறங்கிக் காரில் வரும்போதே ஆப்பில் வெளிநாட்டுப் பயன்பாட்டை மூடிவிட்டேன். அந்த மாதக் கார்டு கணக்கு வந்ததும் அப்பச்சியின் நோட்டோடு வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்த்தோம். எல்லாம் சரியாக இருந்தது.