கை நின்ற இடம்

நான் பயிற்சிக்காகச் செய்யும் 3டி அனிமேஷன் காட்சி மொத்தம் 11 நொடி. நொடிக்கு 24 ஃப்ரேம் (தனித்தனிப் படம்) என்றால் 264 ஃப்ரேம், அதற்கு எனக்கு ஏழு வாரம் ஆனது. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிப் பட்டறையில் உட்கார்ந்து கொலுசுக் கண்ணி கோர்த்துக்கொண்டிருக்கிறார் ஒரு அப்பா. தீபாவளிக்கு வரமாட்டேன் என்று மகள் போனில் சொல்கிறாள், அவர் "சரிம்மா, பரவால்ல" என்கிறார். காட்சி அவ்வளவுதான்.

சொல்லிக்கொடுக்கும் சார் ஏற்காட்டில் இருக்கிறார், பல வருடம் அனிமேட்டராக இருந்தவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் லேப்டாப்பை முதுகில் மாட்டிக்கொண்டு, மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைத் தாண்டி, 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி அவர் வீட்டுக்குப் போய்விடுவேன்.

முதல் பிளாக்கிங்கில், அதாவது முக்கியமான போஸ்களை மட்டும் வைத்துப் பார்க்கும் கட்டத்தில், 19 போஸ் வைத்திருந்தேன். "சரிம்மா"வுக்கு ஒரு தலையாட்டல், "பரவால்ல"வுக்கு ஒரு கைவீச்சு, போனை வைத்ததும் நெற்றியில் கை. சார் சத்தத்தை அணைத்துவிட்டு மறுபடி ஓட்டிப் பார்த்தார். "தம்பி, மக என்னமோ சொன்னாங்கிறது இவரு மூஞ்சில எங்க தெரியுது? இவரு பேசுறத பண்ணிருக்க. கேக்குறதப் பண்ணு" என்றார். 19 போஸில் 5 மட்டும் மிஞ்சியது.

சரி, கேட்பதை எப்படிப் பண்ணுவது? செல்போனில் நானே நடித்து எடுத்த ரெஃபரன்ஸ் வீடியோ எல்லாவற்றிலும் சோகமாகத் தெரியவேண்டும் என்ற முயற்சிதான் தெரிந்தது. "நீ நடிக்காத, போய்ப் பாரு" என்று அனுப்பிவிட்டார். சித்தப்பாவின் பட்டறையில் மூன்று நாள் உட்கார்ந்தேன். இரண்டாம் நாள், கேட்டிருந்த உருப்படி வேண்டாம் என்று கடையிலிருந்து போன் வந்தது. சேதி காதில் விழுந்த பிறகும் சித்தப்பாவின் கை நிற்கவில்லை, இன்னும் இரண்டு கண்ணி கோர்த்தது, அப்புறம்தான் நின்றது. முகம் மாறவே இல்லை. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

அந்த இரண்டு கண்ணியை அப்படியே வைத்தேன். கை நின்ற பிறகு 16 ஃப்ரேம் மௌனம். அதில் உடம்பு அசையாது, கண் மட்டும் கண்ணியிலிருந்து வாசலுக்கு இரண்டே ஃப்ரேமில் தாவும், அங்கே கொஞ்சம் தங்கும், ஒரு இமைப்பு, பிறகு கீழே. பேசுவதற்கு முன்னால் மூச்சு வாங்க நெஞ்சு லேசாக எழும். இதற்கு அப்புறம்தான் "சரிம்மா".

ஒரு போஸிலிருந்து அடுத்ததற்கு நேராகத் தாவும் ஸ்டெப்டில் இதெல்லாம் சரியாகத்தான் இருந்தது, இடையில் உள்ள அசைவைக் கம்ப்யூட்டரே நிரப்பும் ஸ்ப்லைனுக்கு மாற்றியதும் ஆள் தண்ணீருக்குள் இருப்பதுபோல் மிதந்தார், ஏனென்றால் கம்ப்யூட்டர் ஒரு போஸிலிருந்து அடுத்த போஸுக்கு இழைத்துக்கொண்டே போகும், எங்கே நிற்கவேண்டும் என்பது அதற்குத் தெரியாது. அசையாமல் நிறுத்தினாலோ 3டியில் பொம்மை செத்துவிடும். அதனால் அசைவுகளைக் கோடுகளாகக் காட்டும் கிராஃப் எடிட்டரில் ஒவ்வொரு வளைவாக எடுத்து, நிற்கும் இடத்திலும் தோள் ஒரு நூல் அளவு இறங்கும்படி வைத்தேன். இரண்டு வாரம் இதற்கே போனது, எனக்கு ரொம்பப் பிடித்த இரண்டு வாரம்.

போன ஞாயிறு சார் சத்தமில்லாமல் ஒரு தடவை, சத்தத்தோடு ஒரு தடவை பார்த்தார். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் 231-வது ஃப்ரேமில் நிறுத்தி, "இடுக்கிய ஏன் கீழ வெக்கிறாரு? மறந்துருப்பாருல்ல, கையிலயே இருக்கட்டும்" என்றார்.

இன்று ராத்திரி அந்த விரல்களை மட்டும் திருத்தவேண்டும்.