பாவம் எப்போது குற்றமானது? ஐரோப்பாவில் திருச்சபையும் தன்பாலுறவும்

ஐரோப்பாவில் தன்பாலுறவுக்காகச் சிலரை எரித்தார்கள், சிலரைத் தூக்கிலிட்டார்கள்; எல்லாம் கிறிஸ்தவத்தின் வேலை என்று ஒரு கட்சி. ஆரம்பத்தில் சர்ச் அதைக் கண்டுகொள்ளவே இல்லை என்று எதிர்க்கட்சி. இரண்டுமே சான்றுகளுக்கு முன் நிற்காது. இதைக் கண்டிக்க எடுத்துக்காட்டப்படும் பைபிள் பகுதிகளான லேவியராகமம் 20:13, ரோமருக்கு எழுதிய நிருபத்தின் முதல் அதிகாரம், பாவத்துக்காகக் கடவுள் அழித்த சோதோம் நகரின் ஆதியாகமக் கதை எல்லாம் ஆரம்பம் முதல் அப்படியேதான் இருந்தன. ஆனால் அதே செயலுக்கு ஓரிடத்தில் விரதம், ஓரிடத்தில் அபராதம், ஓரிடத்தில் நெருப்பு. வழக்கு யார் கைக்குப் போனது என்று பார்த்தால்தான் இந்த வித்தியாசம் பிடிபடும்.

முதலில் ரோம். கிறிஸ்தவத்துக்கு முந்தைய ரோமைச் சுதந்திர பூமியாக நினைத்துக்கொள்ள வேண்டாம். அங்கே கேள்வி ஆணா பெண்ணா என்பதல்ல. யார் மேலே, யார் கீழே என்பதுதான். குடிமகன் தன் அடிமைப் பையனை என்ன செய்தாலும் கேட்பாரில்லை. அதே குடிமகன் தன் உடம்பை இன்னொருவனுக்குக் கொடுத்தான் என்றால் மானம் போயிற்று. திருச்சபை இந்தத் தராசையே மாற்றியது: அந்தஸ்து எதுவானாலும் செயலே பாவம். 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பெயினில் கூடிய ஆயர்களின் எல்விரா சங்கம், சிறுவர்களைக் கெடுப்பவர்களுக்குச் சாகும் தறுவாயில்கூட நற்கருணை (ஆலயத்தில் தரும் புனித அப்பம்) கிடையாது என்றது. அடிமைச் சிறுவனுக்கு ரோமச் சட்டம் தராத ஒரு பாதுகாப்பு இதில் எழுத்தளவிலாவது இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அரச சட்டம் வேறு வழியில் வந்தது. 390இல் ரோமப் பேரரசர் முதலாம் தியோடோசியஸ் போட்ட ஆணை, ரோம் நகர விடுதிகளில் உடம்பை விற்ற ஆண்களைப் பிடித்து மக்கள் முன்னிலையில் எரிக்கச் சொன்னது. 438இல் சட்டத் தொகுப்பைத் தயாரித்தவர்கள் அந்த ஆணையைச் சுருக்கினார்கள். சுருக்கும்போது விடுதி பற்றிய பகுதி விழுந்துவிட்டது. தண்டனை மட்டும் மிஞ்சியது. ஒரு நகரத்தின் விபசாரத்துக்கு எதிரான ஆணை, பொதுச் சட்டம்போலப் படிக்கத் தோதானது இப்படித்தான்.

உண்மையான திருப்பம் 6ஆம் நூற்றாண்டின் கிழக்கு ரோமப் பேரரசர் ஜஸ்டினியன். பைபிளின் எசேக்கியேல் 16:49இல் சோதோமின் பாவம் என்று இருப்பது கர்வம், வயிறு புடைத்த சுகம், ஏழைக்குக் கை கொடுக்காமை. காமத்தை மையமாக்கி அந்தக் கதையை விரித்தவர்களில் முக்கியமானவர் அலெக்சாண்டிரியாவின் யூத அறிஞர் ஃபைலோ. கிறிஸ்தவ ஆசிரியர்கள் அந்த வழியில் போனார்கள். ஜஸ்டினியனின் சட்டம் இந்த வாசிப்பை நிர்வாகக் காரணமாக்கியது: இவர்களால்தான் பஞ்சமும் நிலநடுக்கமும் கொள்ளைநோயும் வருகின்றன, ஊரே அழிந்துபோகும் என்றது. 542இல் அவர் தலைநகரான கான்ஸ்டாண்டிநோப்பிள் கொள்ளைநோயில் சிக்கியது. 559இல் மறுபடி ஒரு ஆணை. அதில் ஈஸ்டருக்குள் தலைநகரின் தலைமை ஆயரான முதுபெரும் தந்தையிடம் வந்து பாவத்தை ஒப்புக்கொள்ளும்படி அவகாசம் கொடுத்தார்கள். ஜஸ்டினியன் காலத்து வரலாற்றாசிரியர் புரோகோபியஸோ, அரசனுக்கு ஆகாதவர்களையும் பணக்காரர்களையும் மடக்கத்தான் இந்தச் சட்டம் பயன்பட்டது என்கிறார். தனிமனிதர் படுக்கையை ஊரின் பாதுகாப்போடு முடிச்சுப் போட்ட இந்த வாதம், அடுத்த ஆயிரம் வருஷத்துக்கும் மேல் ஓடியது.

மேற்கில் நிலைமை வேறு. அயர்லாந்திலும் இங்கிலாந்திலும் பாவசங்கீர்த்தனம் (பாவ அறிக்கை) கேட்கும் குருக்களுக்காகத் தவக் கையேடுகள் எழுதப்பட்டன. எந்தப் பாவத்துக்கு எத்தனை வருஷத் தவம் என்று அதில் பட்டியல் இருக்கும். 7ஆம் நூற்றாண்டின் கம்மியன் கையேட்டில் ஆண்களின் குதவழிப் புணர்ச்சிக்கு ஏழு வருஷம். கேன்டர்பரி பேராயர் தியோடோர் பெயரில் உள்ள தொகுப்பில் அடிக்கடி செய்பவனுக்குப் பத்து வருஷம். பெண் பெண்ணோடு என்றால் மூன்று. தவம் என்றால் குறிப்பிட்ட நாட்களில் ரொட்டியும் தண்ணீரும், நற்கருணையிலிருந்து விலக்கு. கடுமைதான். ஆனால் தவம் முடிந்தால் ஆள் திரும்ப ஆலயத்துக்குள் வந்துவிடலாம். உயிர் போகாது.

1049 வாக்கில் துறவி பீட்டர் தமியான், குருக்களிடையே பரவிய இந்தப் பாவத்தைத் தாக்கி ஒரு நூலே எழுதித் திருத்தந்தை ஒன்பதாம் லியோவுக்கு அனுப்பினார். எல்லாரையும் பதவி நீக்க வேண்டும் என்பது அவர் கோரிக்கை. லியோ பாராட்டிப் பதில் போட்டார், கோரிக்கையை மட்டும் தளர்த்திக்கொண்டார்: நெடுநாள் பழகியவர்களையும் குதவழிப் புணர்ச்சிவரை போனவர்களையும் தவிர மற்றவர்கள் தவம் செய்து பதவியில் தொடரலாம். 1179இன் மூன்றாம் லாத்தரன் சங்கம் இறுக்கியது. குருவானால் பதவி நீக்கம் அல்லது மடத்தில் அடைப்பு, பொதுநிலையினர் என்றால் சபை விலக்கு. இப்போதும் கொலைத் தண்டனை இல்லை என்பதைக் கவனியுங்கள்.

மேற்கில் மரண தண்டனை பரவியது 13ஆம் நூற்றாண்டில், பெரும்பாலும் அரசர்களின், நகரங்களின் சட்டங்கள் வழியாக. இத்தாலியின் போலோன்யா போன்ற இடங்களில் ஜஸ்டினியனின் சட்டத்தைத் திரும்பப் படிக்க ஆரம்பித்திருந்தார்கள். அதே நூற்றாண்டில் இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ், காமப் பாவங்களில் இயற்கைக்கு மாறானவையே மிகப் பெரியவை என்று வரிசைப்படுத்தினார். வார்த்தை இறையியலார் தந்தது, கயிறு அரசன் தந்தது. கயிறு அரசனுடையது என்பதால் திருச்சபைக்குப் பொறுப்பில்லை என்று வாதிடுவோர் உண்டு. எனக்கு அது ஒப்புதலில்லை. விறகு அடுக்கச் சொல்லிப் பிரசங்க மேடையிலிருந்தே குரல் வந்திருக்கிறது.

இத்தாலியத் துறவியும் பிரசங்கியுமான சியன்னாவின் பெர்னார்தினோவை எடுத்துக்கொள்ளுங்கள். 1424 தவக்காலத்தில் ஃப்ளாரன்ஸின் சாந்தா குரோச்சே ஆலயத்தில் இதே பொருளில் பிரசங்கம் செய்து, இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் தரையில் காறித் துப்பச் சொன்னார். கூட்டம் துப்பிய சத்தம் இடிபோலக் கேட்டதாம். 1432இல் நகரம் 'இரவு அதிகாரிகள்' என்ற தனி அலுவலகத்தைத் திறந்தது. பெயர் போடாத புகார்ச் சீட்டுகளைப் போட ஆலயங்களில் பெட்டி வைத்தார்கள். புகார் உறுதியானால் சொன்னவருக்கு அபராதத்தில் பங்கு. தானாக வந்து ஒப்புக்கொண்டவருக்கு விலக்கு. முதல் முறை 50 ஃப்ளோரின் (அந்த நகரத்துத் தங்கக் காசு), அடுத்தடுத்து கூடும், ஐந்தாம் முறைதான் மரணம். 50 ஃப்ளோரின் சாமானியனால் கட்ட முடியாத தொகை. வசூலாகவில்லை, தீர்ப்பு சொல்லவும் தயங்கினார்கள். 1459இல் அதை 10 ஆக்கினார்கள். அதன் பிறகு தீர்ப்புகள் பெருகின. சுமார் 40,000 பேர் வாழ்ந்த ஊரில் 1502 வரையிலான 70 வருஷத்தில் ஏறத்தாழ 17,000 பேர் மீது புகார், கிட்டத்தட்ட 3,000 பேருக்குத் தண்டனை. 1476இல் புகாரில் மாட்டியவர்களில் லியனார்டோ டா வின்சியும் ஒருவர். அந்த வழக்கு தள்ளுபடியானது. சட்டத்தைப் புரட்டினால் நெருப்பு; பதிவேட்டைப் புரட்டினால் அபராத ரசீது.

எல்லா இடமும் ஃப்ளாரன்ஸ் அல்ல. புனித ரோமப் பேரரசர் ஐந்தாம் சார்லஸின் 1532 குற்றவியல் சட்டம் ஆண்களோடு பெண்களையும் சேர்த்து எரிக்கச் சொன்னது. இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றி 1533இல் இதைச் சபை நீதிமன்றத்திலிருந்து பிடுங்கி அரச குற்றமாக்கினார். பெண்களுக்கிடையிலான உறவு அந்தச் சட்டத்தில் வரவில்லை. குருக்களுக்கிருந்த சட்டச் சலுகையும் இந்தக் குற்றத்துக்கு எடுபட்டது. திருத்தந்தையோடு மோதிக்கொண்டிருந்த அரசனுக்கு அது எவ்வளவு வசதி என்று சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சட்ட வழியில் கடைசியாக இருவரைத் தூக்கிலிட்டது 1835இல். மரண தண்டனை எடுபட்டது 1861இல். பிரான்சோ 1791இலேயே புதிய தண்டனைச் சட்டத்தில் இந்தக் குற்றத்தைச் சேர்க்காமல் விட்டுவிட்டது.

இங்கிலாந்தில் கதவைத் திறந்தவர்களில் சபையினரும் உண்டு. பாவம் வேறு, குற்றம் வேறு என்று 1950களில் இங்கிலாந்து திருச்சபையின் நல்லொழுக்கக் குழு சொன்னது. அரசு அமைத்த குழுவின் 1957 வுல்ஃபெண்டன் அறிக்கையும் அந்தப் பக்கமே சாய்ந்தது. கேன்டர்பரி பேராயர் மைக்கேல் ராம்சே, இதைப் பாவம் என்று சொல்லிக்கொண்டே, பிரபுக்கள் சபையில் சட்டத் திருத்தத்தை ஆதரித்தார். 1967இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 21 வயது நிரம்பிய ஆண்களுக்கு, தனிமையில், குற்றம் நீங்கியது. ஸ்காட்லாந்துக்கு 1980 வரை ஆனது. வட அயர்லாந்தில் போதகர் இயன் பெய்ஸ்லி, 'அல்ஸ்டரைச் (வட அயர்லாந்தைச்) சோதோமியத்திலிருந்து காப்போம்' என்று கிளம்பிக் கிட்டத்தட்ட 70,000 கையெழுத்து வாங்கினார். 1981இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் பழைய சட்டத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 1982இல் அங்கேயும் சட்டம் மாறியது.