இரண்டு பாடங்கள் முட்டிக்கொள்ளும் இடம்: ஒரு டிஜிட்டல் போர்ட்ஃபோலியோ அனுபவம்

கல்லூரியில் நான் நடத்துவது புள்ளியியல். என் வகுப்பில் சொந்தத் துறை மாணவர்கள் குறைவு. உயிரியல், உளவியல், பொருளியல், இதழியல் என்று மற்றத் துறைகளிலிருந்து வருகிறவர்களே அதிகம். தேர்வு முடிந்த மறுநாளே ‘ஸ்டாட்ஸ் முடிஞ்சது’ என்று மூட்டை கட்டிவிடுவார்கள். அடுத்த செமஸ்டரில் அதே கணக்கு அவர்களுடைய லேப் ரெக்கார்டிலோ கள ஆய்விலோ வந்து நின்றால் அடையாளம் தெரியாது. இதைச் சரிசெய்யத்தான் டிஜிட்டல் போர்ட்ஃபோலியோ, அதாவது மாணவர் தன் வேலைகளையும் அவற்றைப் பற்றிய யோசனைகளையும் இணையத்தில் சேர்த்து வைக்கும் தொகுப்பு (இ-போர்ட்ஃபோலியோ), தொடங்கலாம் என்ற பேச்சு வந்தது. முதல் குழுவை நடத்தும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

அனுமதி வாங்குவதில் பெரிய சிரமம் இல்லை. அமெரிக்கக் கல்லூரிகள் மற்றும் பல்கலைக்கழகங்களின் சங்கம், மாணவர்களின் கற்றலில் அதிகத் தாக்கம் ஏற்படுத்தும் முறைகள் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. கல்வி ஆய்வாளர் ஜார்ஜ் கூ எழுதி 2008-இல் வெளியான அறிக்கையில் அதில் 10 முறைகள் இருந்தன. 2016-இல் இ-போர்ட்ஃபோலியோ 11-ஆவதாகச் சேர்ந்தது. நிர்வாகத்துக்கு இந்தத் தகவலே போதுமானதாக இருந்தது. எனக்குப் போதவில்லை. நியூயார்க்கின் லகார்டியா சமுதாயக் கல்லூரி போல இதை நெடுங்காலமாகச் செய்கிறவர்கள் எழுதியதைப் படித்தால், கருவியைப் பற்றிக் குறைவாகவும் கேள்விகளைப் பற்றி அதிகமாகவும் பேசுகிறார்கள். அது ஏன் என்று செமஸ்டர் பாதியில்தான் எனக்கு உறைத்தது.

கருவி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மஹாரா, கூகுள் சைட்ஸ், வேர்ட்பிரஸ் மூன்றையும் பார்த்தோம். அழகில் மற்ற இரண்டும் முந்தும். ஆனாலும் மஹாராவை எடுத்தோம். 2006-இல் நியூசிலாந்தில் தொடங்கிய திறமூல மென்பொருள் அது. ஒரே கோப்பைப் பல பக்கங்களில் வைத்து, எந்தப் பக்கத்தை யார் பார்க்கலாம் என்பதைத் தனித்தனியாகத் தீர்மானிக்கலாம். படிப்பு முடிந்து போகும்போது மாணவர் தன் தொகுப்பை எச்டிஎம்எல் வடிவில் இறக்கி எடுத்துக்கொண்டும் போகலாம். கல்லூரிக் கணக்கு மூடப்படும் நாளில் தொகுப்பும் சேர்ந்து போய்விடும் என்றால், அதற்கு எந்த மாணவரும் உழைக்க மாட்டார்.

முதல் சில வாரங்களில் சேர்ந்தது ஒரு கிடங்கு. அசைன்மென்ட், பிபிடி, சான்றிதழ், குழுப் புகைப்படம் என்று அகப்பட்டதையெல்லாம் அப்லோடு செய்தார்கள். பின்னணி நிறம் தேர்ந்தெடுக்கவே ஒரு வகுப்பு போனது. ஒவ்வொன்றுக்கும் கீழே ‘இதிலிருந்து என்ன கற்றாய்’ என்று எழுதச் சொல்லியிருந்தோம். வந்ததெல்லாம் ஒரே அச்சு: ‘இந்தப் பணி என் சிந்தனையை விரிவாக்கியது’, ‘குழுவாக வேலை செய்யும் திறன் வளர்ந்தது’. பெயரை மறைத்துவிட்டால் யார் எழுதியது என்று அவர்களுக்கே தெரியாது. பாதிக்கு மேல் செயற்கை நுண்ணறிவு எழுதித் தந்தது என்பதைக் கண்டுபிடிக்கத் துப்பறியும் திறமை எதுவும் தேவைப்படவில்லை. அந்தக் கேள்விக்கு அப்படித்தான் பதில் வரும்.

எனவே கேள்வியை மாற்றினோம். முதலில், பதிவேற்றிய வேலையில் இன்றைக்கு நீ மாற்றி எழுத நினைக்கும் ஒரே ஒரு வரியைக் காட்டு என்றோம். இரண்டாவது: இங்கே சொல்லித் தந்ததற்கு எதிராக வேறொரு பாடத்தில் சொல்லித் தந்தது ஏதாவது உண்டா? இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வை. தொடர்பைக் கண்டுபிடி என்று சொன்னால் மாணவர்கள் ஒற்றுமையைத் தேடுவார்கள். ஒற்றுமை எங்கேயும் கிடைக்கும், அதனால் அதில் சாரம் இருக்காது. முரணை அப்படி ஒப்பேற்ற முடியாது. இரண்டு பாடங்களையும் உண்மையிலேயே திறந்து பார்க்க வேண்டும்.

நுண்ணுயிரியல் மாணவி ஒருவர் எழுதியதைச் சொன்னால் விளங்கும். மாதிரியைப் படிப்படியாக நீர்க்கச் செய்து, ஆய்வகத் தட்டுகளில் வளர்த்து, பாக்டீரியாத் திட்டுகளை எண்ணும் பரிசோதனை அது. 30-க்குக் குறைவாகவோ 300-க்கு மேலாகவோ திட்டுகள் உள்ள தட்டுகளைக் கணக்கில் சேர்க்காதே என்பது ஆய்வகத்தில் சொல்லித் தரும் வழக்கமான விதி. அவரும் அப்படியே ஒதுக்கியிருந்தார். என் வகுப்பிலோ, பிடிக்காத தரவைத் தூக்கிப்போடக் கூடாது என்று நான் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். ‘மேடம், ரெண்டுல எது தப்பு?’ என்று தன் பக்கத்திலேயே கேட்டு எழுதியிருந்தார்.

நான் பதில் சொல்லவில்லை. எண்ணிக்கைத் தரவில் ஏற்ற இறக்கம் எவ்வளவு இருக்கும் என்று பாய்ஸான் பரவல் பாடத்தை எடுத்துப் பார் என்று மட்டும் குறிப்பு வைத்தேன். அடுத்த வாரம் அவருடைய பக்கம் வேறு மாதிரி இருந்தது. எண்ணிக்கையின் வர்க்கமூலமே அதன் திட்டவிலக்கம், அதாவது ஏற்ற இறக்கத்தின் அளவு. 9 திட்டுகள் என்றால் தற்செயல் பிழை மட்டுமே ஏறத்தாழ 33 சதவீதம். 30 என்றால் 18 சதவீதம். 300 என்றால் 6 சதவீதத்துக்கும் கீழே. ஆகவே கீழ் எல்லை வைத்ததற்கு ஒரு நியாயம் இருக்கிறது. மேல் எல்லை வேறு காரணத்துக்காக: திட்டுகள் நெருங்கி ஒன்றோடொன்று கலந்துவிட்டால் எண்ணிக்கையே பொய்யாகிவிடும். அவர் போட்ட கடைசி வரி எனக்குப் பிடித்தது. எண்ணுவதற்கு முன்பே வைத்த விதிப்படி ஒதுக்குவது வேறு, விடையைப் பார்த்துவிட்டு ஒதுக்குவது வேறு. ‘லேப் ரெக்கார்டில் மூன்றாம் பரிசோதனையில் நான் செய்தது இரண்டாவது வகை’ என்று எழுதி, அந்தப் பக்கத்துக்கே லிங்க் கொடுத்திருந்தார். இப்படி ஒன்றை நான் தேர்வுத்தாளில் கேட்டு வாங்கியிருக்க முடியாது.

இதழியல் மாணவர் ஒருவருக்கு வேறு சிக்கல். செய்தி எழுதும்போது ஆதாரம் யார் என்று பெயர் சொல்லு என்கிறது அவருடைய துறை. விருப்பப் பாடமாக எடுத்த உளவியலில், பங்கேற்பாளரின் அடையாளத்தை மறை என்கிறார்கள். ஒரே நேர்காணலை இரண்டு வகுப்புக்கும் பயன்படுத்தியிருந்ததால் அவர் நன்றாகவே மாட்டிக்கொண்டார். அந்தப் பேட்டியைத் தொகுப்பில் போடலாமா என்ற கேள்வி அங்கிருந்துதான் எழுந்தது. பேட்டி கொடுத்தவரிடம் திரும்பப் போய் அனுமதி கேட்டார். அவர் மறுத்துவிட்டார். எனவே பேட்டி இல்லாமல், அதைப் பற்றிய யோசனை மட்டும் பக்கத்தில் இருக்கிறது. மற்றவர்களுக்கும் இதையே விதியாக்கினோம்: குழுப் படத்துக்கு எல்லோருடைய சம்மதமும் வேண்டும், இன்டர்ன்ஷிப் ஆவணங்களை நிறுவனம் எழுத்தில் சொன்னால் மட்டுமே போடலாம், எந்தப் பக்கமும் தொடக்கத்தில் தனிப்பட்டதாகவே இருக்கும்.

மதிப்பெண்ணில்தான் சக ஆசிரியர்களோடு நெடுநேரம் வாதம் நடந்தது. ‘இதையெல்லாம் யார் படிப்பது?’ என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி, என்னிடம் முழுப் பதில் இல்லை. கடைசியில் வந்து நின்ற ஏற்பாடு இது: தொகுப்பு முழுவதையும் யாரும் படிக்க வேண்டாம், பாடங்களை இணைத்து எழுதியதில் மாணவர் தேர்ந்தெடுத்துத் தரும் ஒரு பக்கத்தை மட்டும் படிப்போம். அளவுகோலுக்கு அதே சங்கம் 2009-இல் வெளியிட்ட வேல்யூ ரூப்ரிக்குகளில் (மதிப்பிடும் அட்டவணைகளில்), ஒருங்கிணைந்த கற்றலுக்கானதை எடுத்துக்கொண்டோம். அதில் ஐந்து வரிசைகள், ஒவ்வொன்றிலும் 1 முதல் 4 வரை படிநிலைகள். அனுபவத்தோடு இணைத்தல், துறைகளுக்கிடையே இணைத்தல், ஒரு சூழலில் கற்றதை இன்னொன்றில் பயன்படுத்துதல் ஆகிய மூன்றை வைத்துக்கொண்டு மற்றதை விட்டோம். அழகுக்கு மதிப்பெண் கிடையாது என்று அறிவித்த அன்றே பின்னணி நிறப் பிரச்சினை தீர்ந்தது.

செயற்கை நுண்ணறிவைத் தடை செய்யவில்லை, செய்தாலும் நிற்காது. தன் வேலையிலிருந்து வரியையோ எண்ணையோ சுட்டாத பத்தி கணக்கில் வராது என்றோம். வேறு துறை நண்பர் ஒருவர் அந்தப் பக்கத்தைப் படித்து, புரியாத இடத்தில் ஒரு கேள்வி போட வேண்டும். அதற்குப் பக்கத்தை எழுதியவர் வகுப்பில் வாயால் பதில் சொல்ல வேண்டும். பொருளியல் படிக்கிறவருக்குத் தட்டும் திட்டும் புரிய வைக்க வேண்டியிருந்தபோதுதான் நுண்ணுயிரியல் மாணவியின் விளக்கம் இன்னும் தெளிந்தது.

வேலைக்கு அனுப்பும் ரெஸ்யூமேயில் இந்த லிங்க்கைக் கொடுக்கலாமா என்று எல்லோரும் கேட்டார்கள். இ-போர்ட்ஃபோலியோ பற்றி எழுதிவரும் கல்வியாளர் ஹெலன் பாரெட் இதை இ-போர்ட்ஃபோலியோவின் இரண்டு முகங்கள் என்று பிரிக்கிறார்: கற்றுக்கொண்டிருக்கும் இடம் ஒன்று, காட்சிக்கு வைக்கும் இடம் இன்னொன்று. ‘மூன்றாம் பரிசோதனையில் தப்பு செய்தேன்’ என்ற பக்கத்தை நிறுவனத்துக்குக் காட்ட விருப்பமில்லை என்றால் அது மாணவரின் உரிமை. கடைசி வாரங்களில் தேர்ந்தெடுத்தவற்றை மட்டும் வைத்துத் தனிப் பக்கம் செய்து, ரகசிய இணைப்பு வழியாகப் பகிர்ந்தார்கள். அந்த மாணவி தன் தவற்றைப் பற்றிய பக்கத்தையும் அதில் சேர்த்தார். வேண்டாம் என்றுதான் நான் சொன்னேன், கேட்கவில்லை.

புதிய குழுவுக்கு ‘என்ன கற்றாய்’ கேள்வியே கிடையாது, முரணைத் தேடும் கேள்வியை முதல் வாரத்திலேயே கொடுத்துவிட்டேன். நுண்ணுயிரியல் ஆய்வக ஆசிரியரும் அதைத் தன் லேப் ரெக்கார்டின் கடைசிப் பக்கத்தில் சேர்த்திருக்கிறார். யார் படிப்பது என்று கேட்ட நண்பர் இன்னும் சேரவில்லை.