காதுக்குள் கேட்ட நாடித்துடிப்பு

பிரசவத்துக்குப் பிறகு எனக்கு மூளைச் சிரையில் ரத்தம் உறைந்தது. ஓயாத தலைவலி, வாந்தி, அப்புறம் வலிப்பு. ரத்தம் உறையாமல் தடுக்க ஹெபாரின் ஊசியும் அசிட்ரோம் மாத்திரையும் கொடுத்தார்கள். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதைக் காட்டும் ஐஎன்ஆர் அளவு 2-க்கும் 3-க்கும் நடுவில் நிற்கிறதா என்று அடிக்கடி ரத்தம் எடுத்தார்கள். ஒருவழியாக எல்லாம் அடங்கி, மாத்திரையும் நின்ற பிறகுதான் இடது காதில் அந்தச் சத்தம் ஆரம்பித்தது. உஸ்... உஸ்... உஸ்... ராத்திரி படுத்தால் இன்னும் அதிகம்.

காது டாக்டர் பார்த்துவிட்டுக் காதில் குறையில்லை என்றார். எனக்கு மனசு ஆறவில்லை. மணிக்கட்டில் நாடியைப் பிடித்துப் பார்த்தேன். சத்தம் அதோடு அச்சாக ஒத்துப்போனது. நியூரோ டாக்டரிடம் இதைச் சொன்னதும் ஸ்டெதஸ்கோப்பைக் காதுக்குப் பின்னால் வைத்தார். அவருக்கும் கேட்டது.

அவர் விளக்கியது இது: வடிகால் சிரை அடைபட்டால் உள்ளே அழுத்தம் ஏறும். மூளையை மூடியிருக்கும் உறையில் உள்ள நுண்ணிய வழிகள் திறந்துகொள்ளும், புதுக் குழாய்களும் முளைக்கும். தமனி ரத்தம் நேராகச் சிரைக்குள் பாயும். பெயர் டியூரல் ஃபிஸ்டுலா. இது பெரும்பாலும் பிறவியிலேயே வருவதில்லை, அடைப்புக்குப் பிறகு மாதங்கள் கழித்தும் உண்டாகலாம். எம்ஆர்ஐ-யில் தப்பிவிடக்கூடும் என்பதால் ரத்தக்குழாய்க்குள் மருந்து செலுத்திப் படம்பிடிக்கும் டிஎஸ்ஏ எனும் ஆஞ்சியோ எடுக்கச் சொன்னார். என் எம்ஆர்ஐ-யில் பழைய அடைப்பின் தடம் மட்டும்தான் இருந்தது.

ஆஞ்சியோவுக்குப் பயந்த அளவுக்கு அதில் ஒன்றுமில்லை. தொடையில் மரத்துப்போக ஊசி, மருந்து ஏறும்போது பாதி முகத்தில் குப்பென்று சூடு, பிறகு காலை மடக்காமல் பல மணி நேரம் படுக்கை. அந்தப் படுக்கைதான் கஷ்டம். படத்தில் ஃபிஸ்டுலாவிலிருந்து ரத்தம் மூளையின் மேற்பரப்புச் சிரைகளுக்குள் எதிர்த்துப் போனது தெரிந்தது. அப்படிப் போனால் ரத்தக்கசிவு ஆபத்து உண்டு, விட்டுவைக்க முடியாது. எதிரோட்டம் இல்லாத சிலருக்குக் கண்காணிப்பே போதும். ஆகவே உங்கள் ஆஞ்சியோ முடிவு வந்ததும் முதலில் இதைக் கேளுங்கள்: "மூளைச் சிரைக்குள் ரத்தம் திரும்பிப் போகிறதா?"

மயக்கம் கொடுத்து, தமனி வழியாக ஆனிக்ஸ் என்ற திரவத்தைச் செலுத்தி அடைத்தார்கள். அதைக் கரைத்திருக்கும் மருந்தால் ஓரிரு நாள் மூச்சில் பூண்டு வாடை வந்தது. வீட்டில் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது, அம்மா பதறிவிட்டார். மாதங்கள் கழித்து எடுத்த ஆஞ்சியோவில் ஃபிஸ்டுலா இல்லை. ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை மட்டும் எனக்கு இனி கூடாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.